மாமாவை ஒளித்துவைத்த சொல்

என் வயதுக்காரர்களே, இது உங்களுக்கும் நடந்திருக்கும். போன மாதம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் ஒரு சின்னப் பெண்ணும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். என் இரண்டு கையிலும் காய்கறிப் பை. "அங்கிளுக்கு எந்த மாடின்னு கேட்டு பட்டனை அமுக்கிவிடும்மா" என்றார் அந்த அம்மா. யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் கண்ணாடிதான் இருந்தது. முப்பது தாண்டி இன்னும் இரண்டு தீபாவளிகூட ஆகவில்லை. அதற்குள் அங்கிள்.

வீட்டுக்குப் போய்ப் பைகளை இறக்கினேன். உட்கார முடியவில்லை. வெண்டைக்காயைக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன், திரும்ப எடுத்தேன், மேசைமேல் வைத்தேன். வயதாகிறதே என்ற கவலை இல்லை அது. அந்தச் சொல் எங்கள் வீட்டில் சும்மா இருந்த சொல் அல்ல.

நம் சிங்கப்பூரில் அது எவ்வளவு மலிவான சொல் என்று உங்களுக்குத் தெரியும். காப்பி கலக்குகிறவர் அங்கிள். டாக்சி ஓட்டுகிறவர் அங்கிள். பள்ளி வாசலில் ஐஸ்கிரீம் கட்டியை ரொட்டிக்குள் வைத்து மடித்துக் கொடுத்தவரும் அங்கிள். சீனரா, மலாய்க்காரரா, தமிழரா, கேள்வியே இல்லை. பெயரும் தெரிய வேண்டாம், உறவும் தெரிய வேண்டாம். மரியாதையும் ஆயிற்று, ஒட்டாமலும் ஆயிற்று. அந்தச் சொல்லுக்குள்தான் நாங்கள் என் தாய்மாமனை ஒரு வருடம் ஒளித்து வைத்திருந்தோம்.

எங்கள் வீட்டில் அகராதியைப் புரட்டுகிற பழக்கம் என்னிலிருந்துதான் தொடங்கியது. அப்பா இங்கே பிறந்தவர். தொடக்கப்பள்ளியை முடிக்காமலே லாரி ஏறியவர். அம்மா தமிழ்நாட்டில் ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவர். தன் பெயரை எழுதத் தெரியும், பஸ் எண் படிக்கத் தெரியும். ஆகவே அன்று மாலை நான் அந்தச் சொல்லின் மூலத்தைத் தேடினேன். கிடைத்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் மாமாவைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பாடம்.

நான் நான்காம் வகுப்பு. தங்கைக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஒரே தம்பி வேலை பெர்மிட்டில் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய வருடம். செம்பவாங்கில் கப்பல்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வெல்டர் வேலை, பக்கத்திலேயே தொழிலாளர் விடுதியில் படுக்கை. முதன்முதலாக அவர் எங்கள் வீட்டுக்கு வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. இன்னைக்கு வர்றவர மாமான்னு கூப்பிடக்கூடாது."

"ஏன்?"

"அங்கிள்னு கூப்பிடு, போதும்."

"நீங்கதானம்மா போட்டோவக் காட்டி மாமா மாமான்னு சொல்லிக் குடுத்தீங்க?"

"அது போட்டோ. இது ஆளு. கேள்வி கேக்காம தேங்காயத் துருவு."

அவர் வந்தார். வாசல் கம்பிக்கதவுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். படத்தில் இருந்ததைவிட ஒல்லி. முன்கையில் மிளகு தூவியதுபோல் தீப்பொறி பட்ட புள்ளிகள். எவ்வளவு சோப்புப் போட்டும் போகாத ஒரு வாடை அவரிடம் இருந்தது, சூடான இரும்பில் தண்ணீர் ஊற்றினால் வருமே, அது. அம்மா சொல்லிக்கொடுத்தபடி "ஹலோ அங்கிள்" என்றேன்.

மாமா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "என்னக்கா, இங்கிலீஷ்காரப் பிள்ளையாயிட்டானா?"

"இங்க எல்லாரையும் அப்படித்தான்டா கூப்பிடுவாங்க" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே. "நீயும் இவர அத்தான்னு கூப்பிட வேணாம். அண்ணேன்னு கூப்பிடு. அதான் இங்க பழக்கம்."

அப்படி ஒரு பழக்கம் இங்கே கிடையாது. அப்பா செய்தித்தாளை மடித்தார், பிரித்தார். மாமாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "சரிக்கா" என்றார்.

தங்கைக்கு முழுச் சொல் வராது. "அங்கி" என்று அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு பெரும்பாலும் நாங்கள் அவரை லிட்டில் இந்தியாவில், தேக்கா மார்க்கெட் பக்கம்தான் பார்த்தோம். அம்மா ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போவார். மாமா ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துத் திடலில் நண்பர்களோடு உட்கார்ந்திருப்பார். அம்மா என்னையும் தங்கையையும் அவரிடம் விட்டுவிட்டு மீன் வாங்கப் போவார். அந்தத் திடல் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். புல் தெரியாத அளவுக்கு ஆள். செய்தித்தாளை விரித்து அதன்மேல் சோற்றுப் பொட்டலம், தொலைபேசி அட்டை விற்பவர்களின் கூவல், மல்லிகையும் மீனும் வறுத்த மிளகாயும் கலந்து வரும் காற்று. ஆயிரம் பேர் பேசினாலும் யாரும் யாரையும் அதட்டாத ஒரு இரைச்சல். எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. ஆனாலும் போகாமல் இருக்கவும் முடியாது.

மாமா எனக்கு வெல்டிங் கண்ணாடித் துண்டு ஒன்று கொடுத்தார். கரும்பச்சை, ஒரு மூலை உடைந்தது, விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருந்தார். அதைக் கண்ணில் வைத்து அண்ணாந்தால் சூரியன் ஒரு பச்சை எலுமிச்சம்பழம். திடலும் இல்லை, ஆட்களும் இல்லை, அது மட்டும்தான். வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது அந்தக் கண்ணாடி எங்கோ போய்விட்டது. இப்போதும் ஏதாவது இழுப்பறையைத் திறந்தால் கை தானாகத் தேடுகிறது.

ஒருநாள் மாமாவோடு வேலை பார்த்த புதுக்கோட்டைக்காரர் என்னைப் பார்த்து, "யாருடா பையன்?" என்றார்.

"எங்க அக்கா மகன்."

"அப்ப மருமகப்பிள்ளை! வாங்க மருமகனே. மாமனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க."

"அங்கிள், எனக்கு ரோஸ் பால்" என்றேன் நான் மாமாவிடம்.

சுற்றி இருந்தவர்கள் வாயில் இருந்த சோற்றோடு சிரித்தார்கள். "என்னது, அங்கிளா? டேய், சொந்த அக்கா மகன் உன்ன பஸ் டிரைவரக் கூப்பிடுற மாதிரில்லடா கூப்பிடறான்!"

"இங்கத்துப் பிள்ளை லா. அப்படித்தான்" என்றார் மாமா, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் ஒட்டி.

"பாத்தியா" என்றார் புதுக்கோட்டைக்காரர். "வந்து நாலு மாசம் ஆகல. லா வந்துருச்சு, மாமா போயிருச்சு."

மாமாவும் சிரித்தார். ஆனால் எனக்கு ரோஸ் பால் வாங்கப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். ஐஸ் கரைந்து நிறம் வெளுத்திருந்தது.

இனி அத்தை. அப்பாவின் அக்கா, கேலாங்கில் இருந்தவர். அவர் குரல் மின்தூக்கியின் கதவு திறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அத்தை உலகத்தை அளப்பது தட்டால். வரிசைத் தட்டு. யார் வீட்டு விசேஷத்தில் எத்தனை தட்டு வந்தது, எதில் பட்டு இருந்தது, எதில் வெறும் ஆரஞ்சுப் பழத்தை அடுக்கி ஏமாற்றினார்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். தன் பெண்களுக்குக் காது குத்தியபோது தாய்மாமனாக என் அப்பா மடியில் வைத்துக்கொண்டதையும், அவர் கொண்டுவந்த தட்டுகளையும் வருகிற ஒவ்வொரு முறையும் சொல்வார். "என் தம்பி என்னைத் தலைகுனிய விடல" என்று முடிப்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும்.

தங்கையின் காதுகுத்துக்கு நாள் பார்க்க அத்தை வந்த அன்று மாமா எங்கள் அடுப்படியில் இருந்தார். சிங்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. மாமா கீழே மல்லாந்து படுத்து, தலையை அலமாரிக்குள் விட்டு, எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி" என்றார் அத்தை கூடத்திலிருந்து. "தாய்மாமன் மடிக்கு யாரு? உன் தம்பிக்குச் சொல்லி விட்டியா?"

"அவன் ஊர்லதான இருக்கான் அண்ணி" என்றார் அம்மா. "அவனால வர முடியாது."

அடுப்படியில் ஸ்பானர் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது.

அப்பா அம்மாவின் கல்யாணம் ஊரில் நடந்தது. அத்தை அப்போது பிள்ளை பெற்றிருந்ததால் போகவில்லை. மாமாவை அவர் நேரில் பார்த்ததே இல்லை. எட்டிப் பார்த்து, "இது யாரு, காலு மட்டும் தெரியுது?" என்றார்.

"எங்க ஊர்ப் பக்கத்துப் பையன் அண்ணி. குழாய் பாக்க வந்தான்."

"உனக்கு யாருடா?" என்றார் அத்தை என்னிடம்.

"அங்கிள்" என்றேன்.

மாமா வெளியே வந்து கையைத் துடைத்தார். அத்தைக்கு வணக்கம் சொன்னார். அம்மாவிடம் "சரியாப் போச்சுக்கா" என்றார். அப்பாவிடம் "அண்ணே, வாஷர் மட்டும் மாத்தணும்" என்றார். அத்தை இருவரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் தம்பி, என் தம்பிய அண்ணேங்கற, அவன் பொண்டாட்டிய அக்காங்கற. அப்ப ரெண்டு பேரும் உனக்குக் கூடப் பொறந்தவங்களா? ஏதாவது ஒரு பக்கம் நில்லு லா!"

எல்லோரும் சிரித்தோம். மாமாவும்தான். அத்தை விடவில்லை. "எங்க வீட்லயும் குழாய் சொட்டுது. அடுத்த வாரம் வந்து பாத்துக் குடுக்கறியா?"

"வர்றேன்கா" என்றார் மாமா.

போகவும் செய்தார். தன் ஒரே விடுமுறை நாளில் கேலாங்குக்குப் போய், அக்காவின் நாத்தனார் வீட்டு சிங்க்குக்கு அடியில் படுத்துவிட்டு வந்தார். அத்தை கொடுத்த முறுக்குப் பொட்டலத்தைத் திடலில் என் கையில் வைத்து, "உங்க அத்தை கைமுறுக்கு. நல்ல மனுஷி. யாரு பெத்த புள்ளையோன்னு என்னை வாயார வாழ்த்துனாங்க" என்றார். முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரத்தில்தான் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள். துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டார்கள்.

"எனக்கு இது பிடிக்கல" என்றார் அப்பா. "மச்சான் என்னப் பத்தி என்ன நினைப்பாரு? மாப்பிள்ளைக்கு நம்மளச் சொந்தம்னு சொல்ல வெக்கம்னு நினைக்க மாட்டாரா?"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறான். உங்க அக்கா தட்ட கண்ணாலயே தூக்கி எடை சொல்லுவாங்க. அவன் இப்பத்தான் வந்து கால் ஊனறான். ஊர்ல இன்னும் ரெண்டு தங்கச்சியக் கரையேத்தணும். ஒண்ணுமில்லாத தட்டோட அவன் அத்தன பேரு முன்னாடி உக்கார்றத என்னால பாக்க முடியாது."

"அத அவருகிட்டயே சொல்லிரேன்."

"சொன்னா எங்கயாவது கையேந்தி வாங்கிட்டு வந்து நிப்பான். எனக்குத் தெரியாதா அவன? மாமன்னு பேரு இருந்தாத்தானங்க தட்டு கேப்பாங்க? அங்கிள்கிட்ட யாரு தட்டு கேப்பா?"

இயந்திரம் தண்ணீரை வெளியேற்றத் தொடங்கியது. அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டதும் அப்போது எனக்குப் புரியவில்லை. இன்று புரிகிறது: அம்மா தம்பியைக் குடைக்குள் வைத்திருந்தார். ஆனால் குடைக்குள் இருந்தவருக்கு அது குடை என்று தெரியவில்லை. முகத்தில் சாத்திய கதவு என்று நினைத்துவிட்டார்.

மாமா வருவது குறைந்தது. வந்தாலும் விடுதி லாரியிலிருந்து இறங்கி நேராக வருவதில்லை. கடைத்தொகுதிக் கழிப்பறைக்குப் போய்ச் சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு வருவார். முழுக்கைச் சட்டை, அந்த வெயிலில். தீப்பொறிப் புள்ளிகள் தெரியக்கூடாதாம். ஒரு ஞாயிறு என்னிடம் கேட்டார்: "உங்கம்மாவுக்கு நான் லாரியில வந்து இறங்கறது ஒரு மாதிரியா இருக்கோ?"

"தெரியல அங்கிள்" என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

மடிக்கு ஆள் ஏற்பாடு செய்தது அத்தைதான். சொந்தத் தாய்மாமன் வர முடியாவிட்டால் அந்த முறையில் ஒருவரை உட்கார வைப்பது உண்டல்லவா? தேக்காவில் பூக்கடை வைத்திருந்த ஒருவர் அம்மாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். "முறைக்கு அவர் உக்காரட்டும். கௌரவமான ஆளு, தட்டும் நாமளே ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்றார் அத்தை. அம்மா தலையாட்டினார். தன் தம்பிக்கு அம்மா சொல்லி அனுப்பியது வேறு: "வந்து கொஞ்சம் ஒத்தாசையா இருடா. சாப்பாட்டு கேரியரத் தூக்கறதுக்கு ஆள் இல்ல."

காது குத்தியது சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையின் மாடியில். குறுகிய அறை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் பாய். கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அதன் சத்தம் சன்னல் வழியாக ஏறி வந்தது. பத்தர் பொன்கம்பியைத் தேய்த்துத் தயாராக வைத்திருந்தார். தங்கையின் இரண்டு காது மடலிலும் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. அத்தை தன் செலவில் அடுக்கிய தட்டுகள் பளபளத்தன. மாமா கதவோரமாக, இரண்டு கையிலும் கேரியரோடு, புதுச் சட்டையில் நின்றார்.

பூக்கடைக்காரர் வரவில்லை.

அத்தை கைபேசியில் கத்தினார். வைத்தார். மறுபடி அழைத்தார். "கல்யாண மண்டபத்துல மாட்டிக்கிட்டாராம். மாலை கட்டற பையன் வரலையாம். இப்ப இங்க யாரு காது அறுந்தா அவருக்கு என்ன?" நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. தங்கை பாயிலிருந்து எழுந்து ஓடப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"யாராச்சும் ஒருத்தர் உக்காருங்கம்மா" என்றார் பத்தர். "சந்தனம் காயுது."

அத்தையின் கண் அறையைச் சுற்றி வந்து கதவில் நின்றது.

"டேய் தம்பி! கேரியர வச்சுட்டு இங்க வா. அக்கா அக்கான்னு உயிர விடறியே, நீயே உக்காரு. முறைக்கு நீதான் அவளுக்குத் தம்பின்னு வச்சுக்குவோம்."

எனக்கு அடக்க முடியாத சந்தோஷம். எல்லாம் சரியாகிவிட்டது, மாமா உட்காரப் போகிறார், யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது என்று நினைத்தேன். மாமா கேரியரைக் கீழே வைத்தார். ஆனால் நகரவில்லை.

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"முறைக்குன்னா நான் உக்கார மாட்டேன்."

"பாரேன் திமிர! நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டா..."

"அக்கா, விடுங்க" என்றார் அப்பா. அத்தை கேட்கவில்லை. "என்னடா குறைச்சல் உனக்கு? ரெண்டு நிமிஷம் பிள்ளையப் பிடிக்கறதுக்கு..."

மாமா அம்மாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக அல்ல. முதல் நாள் நான் "ஹலோ அங்கிள்" என்றதும் பார்த்தாரே, அதேபோல. அம்மாவின் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. அதைத் தட்டுகளுக்கு நடுவில் இறக்கி வைத்தார்.

"முறைக்கு இல்ல அண்ணி" என்றார் அம்மா. "என் கூடப் பொறந்தவன்."

கீழே தெருவில் யாரோ தேங்காய் விலை கூவினார்கள். அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"யாரு? இவனா?" என்றார் அத்தை. "குழாய் பாக்க வந்த..." அங்கேயே நின்றுவிட்டது அவர் குரல். நாற்காலியில் உட்கார்ந்தார். "தாய்மாமனையா என் வீட்டு சிங்க்குக்கு அடியில படுக்க வச்சேன்? தாய்மாமன் கையிலயா முறுக்குப் பொட்டலம் குடுத்து அனுப்பினேன்?" பிறகு அம்மாவை நோக்கித் திரும்பினார். "என்னப் பாத்தா உனக்கு என்னடி தெரியுது? தட்டு எண்ணற பேயாத் தெரியுதா?"

"இல்லை" என்று யாரும் சொல்லவில்லை.

மாமா வந்து பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெறுங்கை. அத்தை அடுக்கிய தட்டுகளில் ஒன்றை அப்பா அவர் பக்கம் நகர்த்தினார். மாமா அதைத் திரும்பவும் அத்தை பக்கமே நகர்த்தி வைத்தார். தங்கையை மடியில் ஏற்றி, சட்டைக் கையை மடக்கி, புள்ளி விழுந்த முன்கையால் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். கம்பி இறங்கியது. தங்கை "அங்கி! அங்கி!" என்று அலறி அவர் புதுச் சட்டையைக் கடித்தாள். அவர் அசையவில்லை. இரண்டாவது காதும் ஆனபிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். தங்கையைவிட அவர்தான் அதிகமாக அழுதிருந்தார்.

சாப்பிடும்போது அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்காகவாக்கா? தட்டு இல்லாட்டி நான் மாமன் இல்லையா?"

அம்மா இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். "சாப்பிடு" என்றார்.

அத்தை அம்மாவை மன்னிக்கவில்லை. தம்பியை மறைத்ததற்காக அல்ல, தன்னை அப்படி நினைத்ததற்காக. "நான் கேட்டிருக்கவே மாட்டேன்" என்று இன்றுவரை சொல்கிறார். "கேட்டிருப்பாங்க" என்கிறார் அம்மா, இன்றுவரை. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அத்தைக்கே தெரியாது. எனக்கு முன்னால் உட்கார்ந்து இருவரும் தனித்தனியாகச் சொல்லும்போது இருவரையும் நம்பிவிடுகிறேன்.

மாமா இன்னும் சில வருடங்கள் வேலை பார்த்தார். தங்கைகள் கல்யாணம் முடிந்தது. ஊருக்குத் திரும்பிப்போய் சன்னல் கிரில், கேட் செய்யும் பட்டறை ஒன்று போட்டார். என் தங்கைக்கு "அங்கி" சீக்கிரமே "மாமா" ஆகிவிட்டது; குழந்தை வாய், எது ஊற்றினாலும் பிடித்துக்கொள்ளும். எனக்குத்தான் ஆகவில்லை. அம்மா இனிமேல் மாமா என்று கூப்பிடச் சொன்ன நாளிலிருந்து முயன்றேன். தொண்டைவரை மாமா வரும். நாக்கில் ஏறினால் அங்கிள் ஆகிவிடும். கொஞ்ச நாளில் அவரும் திருத்துவதை நிறுத்திவிட்டார். பிறகு நான் படிப்பு, ராணுவ சேவை, வேலை என்று ஓடினேன். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் "ஹலோ அங்கிள், எப்படி இருக்கீங்க?" என்பேன். ஒரு கணம் திரை உறைந்ததுபோல் இருக்கும். கோளாறு இணையத்தில் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது அகராதியில் கிடைத்ததைச் சொல்கிறேன். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்ததாம். பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் அதன் மூலச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: அம்மாவின் சகோதரன். அப்பாவின் சகோதரனுக்கு அங்கே வேறு சொல், நாம் சித்தப்பா, பெரியப்பா என்று பிரித்து வைத்திருப்பதுபோல. இன்னும் உள்ளே போனால் அந்தச் சொல் "குட்டித் தாத்தா" என்பதுபோல ஒரு செல்லப் பெயராம். பழைய ஆங்கிலத்திலும் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சொற்கள் இருந்திருக்கின்றன. பிரெஞ்சுச் சொல் வந்து இரண்டையும் விழுங்கிவிட்டது. அதன்பிறகு அது அவிழ்ந்துகொண்டே போயிற்று. இரண்டு பக்க உறவுக்கும் அது, அத்தையின் கணவருக்கும் அது, அடகுக்கடைக்காரருக்குக் கேலிப் பெயராகவும் அது. அமெரிக்காவில் பையன்கள் சண்டை போட்டால் தோற்றவன் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் விடுபட வேண்டுமாம். கடைசியில் நம் ஊருக்கு வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டது.

நான் எழுந்து நடந்தேன். கூடத்திலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து சன்னலுக்கு. மாமாவை மறைப்பதற்காக அம்மா எந்தச் சொல்லைப் பிடித்தாரோ, அது பிறக்கும்போதே மாமாவின் சொல். உலகத்தில் வேறு யாருடையதும் அல்ல. என் நாக்கு இத்தனை வருடமும் தப்புச் செய்யவில்லை! ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்க முடியாமல் அன்றே அழைத்தேன்.

மாமா பட்டறையில் இருந்தார். பின்னால் யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள், பொறி பறந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது. நான் மூச்சுவிடாமல் சொன்னேன். லத்தீன், பிரெஞ்சு, குட்டித் தாத்தா, எல்லாம். "முதல்ல அது அம்மாவோட தம்பிக்கு மட்டும்தான் அங்கிள். சித்தப்பாவக்கூட அப்படிக் கூப்பிட முடியாது. அப்ப நான் அன்னையிலருந்து கூப்பிட்டதெல்லாம்..."

"யாரு சொன்னா?"

"அகராதியில இருக்கு."

"எந்த ஊரு அகராதி?"

"இங்கிலீஷ் அகராதி."

மாமா கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்த ஊர்ல தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்துவாங்களா?"

"இல்ல."

"ம்."

நான் காத்திருந்தேன். என் கண்டுபிடிப்பை அவர் வாங்கிக்கொள்வார், சிரிப்பார், இருபது வருடம் சமமாகிவிடும் என்று காத்திருந்தேன்.

"நீ படிச்சவன்டா" என்றார். கோபம் இல்லை. "அதுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். இருக்கட்டும், நல்லதுதான். எனக்கு அது டாக்சிக்காரருதான்." கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். "அன்னைக்கு உங்கம்மா சொல்லித்தான் கூப்பிட்ட. அதுல உன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. இப்ப யாரும் சொல்லல. ஒரு தடவ கூப்பிடு. கேக்கறேன்."

நான் உட்கார்ந்தேன். எழுந்தேன். சன்னலை மூடினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை; இருந்தும் கதவைப் பார்த்தேன். திரையில் அவர் காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார், குழந்தை ரகசியம் சொல்லும்போது பெரியவர்கள் குனிந்து காட்டுவதுபோல.

சொன்னேன்.

"சத்தமாடா" என்றார். "இங்க மெஷின் ஓடுது."